டென்னிஸ் அனுப்பிய நாலு கோடுகள்

போன வாரம் அடையாறு சிக்னலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற காரில் ஏதோ பாட்டு. கண்ணாடி ஏற்றியிருந்ததால் பாட்டு கேட்கவில்லை. 'தும் தும்' என்று பேஸ் கிட்டார் மட்டும் வெளியே வந்து என் கைப்பிடியை அதிரவைத்தது. பச்சை விழுந்து எல்லோரும் போய்விட்டார்கள். நான் இரண்டு விரல்களால் பிரேக்கைத் தட்டிக்கொண்டே நின்றேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் என்னைப் பற்றிச் சொன்னதை எழுத முடியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் கொஞ்ச நாள் பேஸ் வாசித்தேன். வாசித்தேன் என்பது பெரிய வார்த்தை. தோளில் மாட்டிக்கொண்டு முழித்தேன்.

எங்கள் குழுவின் உண்மையான பேஸ்காரன் டென்னிஸ். கீபோர்டு வாசித்த ஸ்டெல்லாவுக்கு அவனைத்தான் நிச்சயம் செய்திருந்தார்கள். அவள் சாந்தோமில் டீச்சர். வயலினுக்கு மயிலாப்பூர் ரகு. டிரம்ஸ் முருகன்; சைதாப்பேட்டையில் அவன் வீட்டு மாடி ஆஸ்பெஸ்டாஸ் அறையில்தான் ஒத்திகை. வெயிலில் அந்த அறை வியர்வையும் சூடான ஆம்ப்ளிஃபயரும் கலந்து நாறும். இன்றைக்கும் இஸ்திரிப் பெட்டி சூடாகும் வாசனை வந்தால் எனக்கு அந்த அறைதான்.

டென்னிஸுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. "உனக்குத்தான்டா நீட்டு விரல்" என்று கிட்டாரை என் மடியில் வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். ஸ்டெல்லாவின் அண்ணன் கல்யாண வரவேற்புக்காக அவன் ஒரு மெட்டு போட்டிருந்தான். ஆனால் லீவு கிடைக்கவில்லை. "அவன் வரலைன்னா அவன் வாசிப்பாவது வரணும்" என்றாள் ஸ்டெல்லா, என்னைப் பார்த்து.

அவன் மெட்டை ஈமெயிலில் அனுப்பினான். நான் வேலை பார்த்த தி.நகர் டிராவல்ஸ் ஆபீசுக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும். பிரிண்டர் கிறீச்சிட்டுத் துப்பிய தாளில் நாலு கோடுகள். கோடுகளின் மேல் எண்கள், நடுவில் ஹெச், பி, பெருக்கல் குறி. நாலு கோடு நாலு கம்பி, எண் என்றால் எந்தக் கட்டையில் விரல் வைப்பது என்பது வரை புரிந்தது. மற்றதற்கு மாநாடு கூடினோம்.

"ஹெச்னா ஹைடா. மேல் ஸ்தாயி" என்றான் ரகு. "வேணும்னா எங்காத்துல கேட்டுண்டு வரேன்."

"பி சாஃப்டா வாசிக்கறது" என்றாள் ஸ்டெல்லா.

"பெருக்கல் போட்டுகீதே, தப்புன்னு அர்த்தம் மச்சி. அத்த வுட்டுடு" என்றான் முருகன்.

மூன்றையும் நம்பி வாசித்தேன். என்னவோ வந்தது, மெட்டு வரவில்லை. டென்னிஸுக்கு எழுதிக் கேட்டேன். "ஹெச் ஹேமர், பி புல். ஈஸிடா" என்று பதில்.

முருகன் பதறிவிட்டான். "சுத்தியா? கிட்டார ஒடைச்சிடாத நைனா!"

இடது கை விரலால் கம்பியைச் சட்டென்று அடித்தால் ஹேமர், சுண்டி விலக்கினால் புல் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஒருநாள் தோள் வலிக்க, கிட்டாரை மடியில் மல்லாத்திப் போட்டுக் குனிந்து பார்த்தேன். தோளில் மாட்டும்போது மேலே இருக்கும் தடித்த கம்பி இப்போது என் வயிற்றுப் பக்கம், கீழே இருந்தது. தாளைப் பக்கத்தில் வைத்தேன். அப்படியென்றால் கீழ்க்கோடுதான் தடித்த கம்பி. இத்தனை நாளும் மெட்டைத் தலைகீழாக வாசித்துத் தொலைத்திருக்கிறேன்!

அதன் பிறகு ஏதோ பாட்டு மாதிரி வந்தது. பெருக்கல் குறி மட்டும் ஓட்டையாகவே நின்றது. கடைசி ஒத்திகையில் அந்தக் குறி வந்த இடத்தில் கை வியர்த்து, இடது கை கம்பிகள் மேல் லேசாகப் படிந்துவிட்டது. வலது கை மீட்டியதும் சுரமே இல்லாமல் 'டக்' என்று செத்த சத்தம்.

ஸ்டெல்லா கையை நிறுத்தினாள். "அதான். அவன் அப்படித்தான் வாசிப்பான்."

சர்ச் ஹாலில் வரவேற்பு. அந்த இடம் வந்தபோது 'டக்' என்று போட்டேன். ஸ்டெல்லா கீபோர்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள், கண் நிறைந்திருந்தது. அந்தச் சிரிப்பு எனக்கா, மஸ்கட்டில் இருந்தவனுக்கா? அன்றைக்கு பிரியாணி கூட இறங்கவில்லை. இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வருஷம் அவளும் மஸ்கட்டுக்கே போய்விட்டாள். கிட்டாரை டென்னிஸின் தம்பி வந்து வாங்கிப்போனான். பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். தாள் எந்த வீடு மாற்றலில் போயிற்றோ. அந்த ஈமெயில் கம்பெனியும் மூடிவிட்டது. டென்னிஸிடம் கேட்டால், "எந்த மெட்டுடா?" என்கிறான்.

சிக்னலில் நின்ற அன்று சாயங்காலம் முருகனுக்குப் போன் போட்டு, அந்த மெட்டு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

"தாளம் கீது மச்சி" என்றான். "பாட்டத்தான் காணோம்."