மதகடிச் சனிக்கிழமை

வட்டக்கச்சியில் எனக்கு வாய்த்த முதல் தீபாவளிச் சேலை மண்ணிறம். எடுத்தவர் என் கணவர். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, கலியாணம் முடிந்த கையோடு யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்து சேர்ந்த வருடம் அது. எங்கள் வாய்க்கால் கரையோரம் குடியிருந்த ஆண்கள் நாலைந்து பேர் ரெயிலேறி யாழ்ப்பாணம் போய், எல்லா வீட்டுக்கும் சேர்த்து உடுப்பு எடுத்து வந்தார்கள். ஒழுங்கையில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் ஒரே துணிக்கட்டில் வெட்டிய நீலக் கோடு போட்ட சட்டை. பெண்களுக்கெல்லாம் மண்ணிறச் சேலை. ஏன் இந்த நிறம் என்று கணவரைக் கேட்டேன். வயலுக்குள் நின்றாலும் ஊத்தை தெரியாது என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற திருப்தியோடுதான் சொன்னார். அந்தத் திருப்தியைப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரம் கூடியது.

நாங்களே போயிருக்கலாமே என்று இப்போது கேட்பவர்கள் இருக்கிறார்கள். எப்படிப் போவது? தீபாவளி வரும்போது காலபோக நெல் விதைப்பு முடிந்தும் முடியாமலும் கிடக்கும். மாட்டைப் பார்க்க வேண்டும், கைக்குழந்தையைப் பார்க்க வேண்டும், பன்றி இறங்காமல் வேலியைப் பார்க்க வேண்டும். ஆனையிறவைத் தாண்டிப் போய், ஒரு கடையில் நின்று துணியைத் தொட்டுப் பார்த்துத் திரும்ப ஒரு முழுப் பகல் தேவை. அந்தப் பகல் ஆண்களுக்குக் கிடைத்தது. எங்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்துக் காணியில் இருந்தவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஆறு பிள்ளைகளின் தாய். நெடுத்த உருவம், மெல்லிய குரல். ஆனால் அந்தக் குரலில் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். அந்தத் தீபாவளியன்று அவரும் மண்ணிறச் சேலையோடு வேலியடியில் வந்து நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். 

"நாங்கள் கடைக்குப் போகேலாதெண்டால், கடை எங்களிட்ட வரட்டும்" என்றார் அக்கா.

மதகடிச் சனிக்கிழமை பிறந்தது அந்த வேலியடியில்தான்.

எங்கள் பக்கத்துக்கு மாதத்தில் ஒரு தடவை துணி வியாபாரி ஒருவர் வருவார். யாழ்ப்பாணத்துச் சோனகர்; முஸ்லிம் ஆண்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். சைக்கிள் கரியரில் பொட்டலம் கட்டி வருவதால் பொட்டணி நானா என்றே அவருக்குப் பெயர். அடுத்த முறை அவர் வந்தபோது, தீபாவளித் துணியை எங்கள் வாசலுக்கே கொண்டுவர முடியுமா என்று அக்கா மறித்துக் கேட்டார். சைக்கிளில் எவ்வளவுதான் ஏற்றுவது, வீடு வீடாகப் போய் இத்தனை குடும்பத்துக்கும் காட்டி முடிப்பதற்குள் பொங்கலும் வந்துவிடும் என்று நானா சிரித்தார். பிறகு, எல்லாரும் ஒரு நாளில் ஓரிடத்தில் கூடுவதென்றால் மாட்டு வண்டியில் கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை என்று முடிவு செய்தோம். பள்ளிக்கூடம் இல்லாத நாள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். இடம், பெரிய வாய்க்காலின் மதகடி. அங்கே ஒரு கிழட்டு மருதமரம் நிழல் விரித்து நின்றது.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து கருவாடு கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றிப் போகும் பெண் ஒருவர் இருந்தார். ஊரெல்லாம் அவரைக் கருவாட்டக்கா என்று அழைத்தது. கத்தோலிக்க வேதக்காரர், கழுத்தில் எப்போதும் செபமாலை. விஷயத்தைக் கேள்விப்பட்டதும், நத்தார்ப் பண்டிகைக்குத் தங்கள் பிள்ளைகளுக்கும் சட்டை வேண்டும், தங்கள் கரைப் பெண்களும் துணியைத் தொட்டுப் பார்த்து எடுத்து எத்தனை காலம் என்றார். அப்படியே அவர்களும் சேர்ந்தார்கள்.

முதல் வருடம் தூறல். நானாவின் வண்டி பாதி வழியில் சேற்றில் இறங்கிவிட, நாங்கள் பெண்களே போய்த் தள்ளினோம். மருதடியில் பாய் விரித்தோம். நானா கட்டுகளை அவிழ்த்தார். நிறங்கள் வெளியே வந்தபோது பேச்சு அடங்கிப் போனது. யாரும் கை வைக்கவில்லை. அக்கா ஒரு விதி வைத்திருந்தார்: வாய்க்காலின் கடைசியில் இருப்பவர்கள் முதலில் எடுக்க வேண்டும். தண்ணீர் அவர்களுக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேருகிறது, துணியாவது முதலில் சேரட்டும் என்பது அவருடைய நியாயம். மதகுக்கு மிகக் கிட்ட இருந்த எங்கள் இரண்டு வீட்டுக்கும் முறை கடைசியில் வந்தது. அப்போதும் எனக்கு ஒரு மாம்பழ மஞ்சள் மிஞ்சியிருந்தது, சிவப்புக் கரை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், கரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நானா அவசரப்படுத்தவில்லை. என் வாழ்க்கையில் நானே தெரிந்தெடுத்த முதல் சேலை அது.

அடுத்த வருடம் தையல்காரர் ஒருவர் மெஷினை வண்டியில் ஏற்றி வந்தார். வளையல் வந்தது, சட்டி பானை வந்தது. கருவாட்டக்காவோடு கரைப் பெண்கள் ஒரு பஸ் நிறைய வந்தார்கள். சனம் பெருகிக்கொண்டே போனது. ஆனாலும் ஒருவர் காலை ஒருவர் மிதித்த கதை இல்லை. வாசலில் கேற் இல்லை, காவல்காரன் இல்லை. அக்காவின் குடை ஒன்றுதான் இருந்தது. அதை அவர் நீட்டுகிற பக்கத்தில் இருப்பவர்களுக்கு முறை. இப்படி ஐந்தாறு வருடம் நடந்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

கிளிநொச்சி டவுனில் புதிதாகப் பெரிய புடைவைக் கடை ஒன்று போட்ட முதலாளி, ஒரு வருடம் எங்கள் மதகடிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, தங்கக் கரைச் சால்வை. யாரோ கதிரை கொண்டுவந்து போட, மருதமரத்தின் கீழ் இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். அக்காவைக் கூப்பிட்டு, நல்ல காரியம் செய்கிறீர்கள் பிள்ளை என்று பாராட்டினார். நாங்களும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தோம். அந்தத் தேத்தண்ணியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மறுவருடம் அந்த நிலத்தில் வியாபாரம் செய்யும் அனுமதியை அவர் அதிகாரியிடம் தன் பெயரில் எடுத்துவிட்டார். நாங்கள் யாரும் அனுமதி என்ற ஒன்றை யோசித்ததே இல்லை. மரத்தடியில் பாய் விரிக்க யாரைக் கேட்பது? மருதமரத்தைச் சுற்றி முட்கம்பி வேலி வந்தது. ஒற்றைக் கதவு வைத்த கேற் வந்தது. தோரணம் கட்டி, பற்றறியில் ஓடும் ஒலிபெருக்கி பூட்டினார்கள். முதலில் வருபவர்களுக்குச் சேலை பாதி விலை என்று மல்லாவி வரைக்கும் கார் விட்டு அறிவித்தார்கள். பொட்டணி நானாவைக் கேற்றடியிலேயே மறித்தார்கள். அவர் வண்டியைத் திருப்பி, தூரத்தில் ஒரு பாலை மரத்தின் கீழ் அவிழ்க்காத கட்டுகளோடு இருந்தார். கரைப் பெண்களை மதகுக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள். கருவாட்டு மணம் துணியில் பிடித்துவிடுமாம். இத்தனை வருடமும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் இருந்தோம். எந்தத் துணியில் என்ன மணம் பிடித்தது?

திரும்பிப் போய்விடுவோம் என்று அக்காவிடம் சொன்னேன். இது எங்கள் நாள், எங்கள் நாளில் நாங்களே நிற்காமல் போவதா என்று கேட்டு அவர் நின்றுவிட்டார். நானும் நின்றேன்.

விடியலிலிருந்தே சனம் சேர்ந்துகொண்டிருந்தது. லொறியில் வந்தார்கள், ட்ரக்டர் பெட்டியில் வந்தார்கள். எங்களுக்கு முகம் தெரியாத சனம். முதல்நாள் பெய்த மழையில் தரை களியாகக் கிடந்தது. வெயில் ஏறியும் கேற் திறக்கவில்லை. உள்ளே லொறியில் துணிகளை அடுக்கி, தெரியும்படி விரித்து வைத்திருந்தார்கள். அக்கா குடையைத் தூக்கி, தூரத்தில் இருந்து வந்தவர்களை முன்னுக்கு விடச் சொல்லிப் பார்த்தார். ஒலிபெருக்கியின் பாட்டுச் சத்தத்தில் அந்த மெல்லிய குரல் யாருக்குக் கேட்கும்?

கடைசியில் கேற்றை அரைவாசி திறந்தார்கள். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். முன்னால் நின்ற எங்களுக்குப் போவதற்கு அந்த அரைவாசிதான் இருந்தது. ஒரு குழந்தை வீரிட்டது. கேற்றை மூடப் பார்த்த காவல்காரன் விட்டுவிட்டு ஓடினான். அப்போது லொறியில் நின்றவர்கள் சேலைகளைச் சனத்துக்குள் எறியத் தொடங்கினார்கள். சனத்தைக் கலைப்பதற்காக எறிந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். நான் கண்டதைச் சொல்கிறேன்: எறிந்தவர்கள் சிரித்துக்கொண்டு எறிந்தார்கள். கோயில் குளத்து மீனுக்குப் பொரி எறிவதுபோல எறிந்தார்கள். கீழே, நேற்றுவரை ஒரே துலாவில் தண்ணீர் அள்ளிய பெண்கள் ஒரு சேலையின் இரண்டு தலைப்பையும் பிடித்து இழுத்தார்கள். கிழிகிற சத்தம் கேட்டது. என் பக்கத்தில் நின்ற அக்காவைக் காணவில்லை.

குனிந்து பார்த்தபோது அவர் கம்பி வேலியோடு களியில் கிடந்தார். அவர் மேலால் கால்கள் போயின. நான் அவர் மேல் விழுந்து மறைத்துக்கொண்டு கத்தினேன். எங்களை இழுத்து எடுத்தவர்கள் மதகுக்கு அந்தப் பக்கம் அனுப்பப்பட்ட கரைப் பெண்கள். கருவாட்டக்கா வெறும் கையால் முட்கம்பியைப் பிடித்து உயர்த்திக்கொள்ள, மற்றவர்கள் கீழால் புகுந்து எங்களை இழுத்தார்கள். அவருடைய உள்ளங்கை கிழிந்து இரத்தம் ஓடியது. கருவாடு கட்டி வந்த சாக்கில் அக்காவைக் கிடத்தி, நானாவின் வண்டியில் ஏற்றினோம். துணிக் கட்டுகளையெல்லாம் நானா நிலத்தில் தள்ளிவிட்டார், சேறு என்றும் பார்க்கவில்லை. வண்டி வெளிக்கிடும்போதும் பாட்டு நிற்கவில்லை.

தோள் எலும்பும் மேற்கையும் முறிந்துவிட்டன என்று கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பின்னேரம் முதலாளி தோடம்பழப் பையோடும் ஒரு பட்டுச் சேலையோடும் வந்தார். சேலையைக் கட்டில் கால்மாட்டில் வைத்துவிட்டு, சனம் அவசரப்பட்டுவிட்டது, எங்கள் சனத்துக்கு ஒழுங்கு வராது என்று வருத்தப்பட்டார்.

அக்கா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.

"கேற் உங்கட. கம்பி உங்கட. லொறியும் உங்கட. பிழை மட்டும் சனத்தினதோ?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சேலையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

அனுமதி கொடுத்த அதிகாரியிடம் நானும் கணவரும் போய் முறையிட்டோம். அவரும் அதையே சொன்னார், ஒழுங்கில்லாத சனம் என்று. அதே சனம், அதே இடத்தில், இத்தனை வருடம் ஒருவர் முறையை ஒருவர் பார்த்து நின்றது என்று நான் சொன்னேன். அது சின்னக் கூட்டம் அம்மா என்றார். சின்னக் கூட்டமாக இருந்ததை ஒரே கேற்றுக்குள் திணித்தது யார் என்று கேட்டேன். வேறு வேலை இருக்கிறது என்று எழும்பிவிட்டார்.

அடுத்த வருடம் நாங்கள் அந்தச் சனிக்கிழமைக்குப் போகவில்லை. நானாவை எங்கள் வீட்டு வளவுக்கு வரச் சொன்னோம். கொஞ்சப் பேர் வந்தார்கள். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்: கூடுதலான சனம் லொறிக்குத்தான் போனது. அக்காவின் மூத்த மகளே தாய்க்குத் தெரியாமல் போய் ஒரு சேலை கொண்டுவந்தாள். முதல் தோய்ச்சலில் சாயம் முழுக்க வாளியில் நின்றது. நானாவின் வரவு வருடா வருடம் குறைந்து, பிறகு மல்லாவிப் பக்கம் ஒரு சின்னக் கடை போட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அக்காவின் கை தோளுக்கு மேல் எழும்பவே இல்லை. தலைமயிரை மகள்மார்தான் சீப்பால் இழுத்து வாரிவிட்டார்கள்.

சில வருடம் கழித்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் முதலாளிக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். பிள்ளைகளின் நடனம் இருந்ததால் தாய்மார் எல்லோரும் போயிருந்தோம். பேச வந்தவர், இந்தக் காட்டுக்குள் கிடந்த சனத்துக்குத் தீபாவளிச் சந்தையைத் தொடக்கித் தந்த பெருமகன் என்று தொடங்கினார். கை தட்டினார்கள். நான் எழும்பியதை எழும்பிய பிறகுதான் உணர்ந்தேன்.

"அது பொய்" என்றேன். "தொடக்கினது இவா." பக்கத்தில் இருந்த அக்காவின் தோளைத் தொட்டேன். "இவா, பொட்டணி நானா, கருவாட்டக்கா. அவர் போட்டது கம்பி மட்டும்தான். அந்தக் கம்பியிலதான் இவான்ர கை போனது."

பெண்கள் பக்கத்தில் ஓம், ஓம் என்று குரல்கள் கேட்டன. தலைமை வகித்தவர், பெண்கள் சொல்ல வேண்டியதைப் பிறகு சொல்லலாம் என்று மணியை அடித்தார். அக்கா எழும்பி, அந்தக் கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். நானும் போனேன். எங்களுக்குப் பின்னால் ஒரு வரிசை முழுவதும் எழும்பி வந்தது. உள்ளே மாலை போட்டார்கள், அதையும் மறைக்கத் தேவையில்லை.

அந்த வருடம் முட்கம்பி போய்க் கயிறு வந்தது. கேற்றையும் இரண்டு கதவாக்கினார்கள். முதலாளி ஆள் அனுப்பி, கரைப் பெண்களும் உள்ளே வந்து கடை விரிக்கலாம் என்று கருவாட்டக்காவுக்குச் சொல்லுவித்தாராம். எங்களுக்கு மணம் இன்னும் போகவில்லை, போனதும் வருகிறோம் என்று சொல்லி அனுப்பியதாக அவர் எங்கள் குசினி அடுப்படியில் குந்திக்கொண்டு சொன்னார். அன்றைக்கு அக்கா சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. கயிறு கட்டியதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஊரில் சிலர் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். கை முறிந்த பிறகு கட்டிய கயிற்றுக்கு என்ன நன்றி?