மூன்றாவது மாடியில் மாடு

தில்லியில் தமிழ் விடைத்தாள் திருத்தப் போன இடத்தில்தான் அவரைப் பார்த்தேன். எங்களுக்கெல்லாம் தலைமைத் தேர்வாளர். மார்ச் வெயிலிலும் மஃப்ளரைக் கழற்றாதவர். இடதுகை ஆள்காட்டி விரலை விடைக்குறிப்பின் மேல் ஊன்றிக்கொண்டுதான் மதிப்பெண் போடுவார். விரலை எடுத்தால் விடை ஓடிவிடும் என்பதைப் போல.

மனப்பாடத்தை ஒழிப்பதற்கென்றே கொண்டுவந்த புதுவகைக் கேள்வி ஒன்று இருந்தது: ‘உங்கள் வீட்டுப் பொங்கலைச் சொந்த அனுபவத்திலிருந்து எழுதுக.’ ஒரு பெண், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கரும்பு வாங்கியதையும், குக்கரில் வைத்த பொங்கல் பொங்காமல் விசிலடித்ததையும் எழுதியிருந்தாள். சிரித்துக்கொண்டே ஐந்துக்கு ஐந்து போட்டேன். அவர் அதை அடித்து இரண்டாக்கினார்.

“மாடு எங்கேம்மா? விடைக்குறிப்புல மாட்டுக்கே மூணு மார்க்.”

“தில்லி ஃப்ளாட்டுல மாடு ஏது சார்?”

“அச்சா, நானும் ஜனக்புரியில மூணாவது மாடிதான். போன வருஷம் என் பொண்ணு, எங்க வீட்டு மாட்டுக்குக் கொம்புல வர்ணம் அடிச்சேன்னு எழுதினா. ஃபுல் மார்க்!” என்றவர், பெருமையோடு சேர்த்துச் சொன்னார்: “சும்மாவா? சொந்த அனுபவத்தை ஒரு மாசம் மனப்பாடம் பண்ணினா.”

இப்போதும் ஜனக்புரிப் பக்கம் போனால் மூன்றாவது மாடிகளை அண்ணாந்து பார்க்கிறேன். பால்கனிகளில் துணி காய்கிறது. கொம்பு எதுவும் தென்படவில்லை.