இரண்டு நாள் இறங்கியிருந்த படம்

புதுச்சேரி சாரம் பகுதியில் என் எதிர்வீட்டுக்காரர் ஆரோன் எதையும் முதலில் செய்யமாட்டார். பந்த் முடிந்து பெரிய மார்க்கெட்டில் எல்லாக் கடையும் திறந்த பிறகுதான் தம் துணிக்கடை ஷட்டரைத் தூக்குவார். தேர்தலில் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டால், முடிவு வந்த மறுநாள் பதில் சொல்வார். பயந்தாங்கொள்ளி என்று நான் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். "இருந்துட்டுப் போறேன் முசியே" என்று பிரெஞ்சு மரியாதையோடு சொல்வார்.

இந்தப் புத்தியை அவர் வியட்நாமின் சைகோனிலிருந்து கொண்டுவந்தார். இளம்வயதில் அங்கே துணிக்கடை வைத்திருந்தார். அந்நாட்டு ஜனாதிபதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஓட்டு வாங்கியவர். மீதி இரண்டு பேரைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்ததாக ஆரோன் சொல்வார். கடைதோறும் ஜனாதிபதி படம் தொங்க வேண்டும். கடைசியில் அவரையே சுட்டுக் கொன்றார்கள். பிறகு வந்த தலைவர்களுக்குப் படம் மாட்டி மாட்டியே சுவர் பெயர்ந்துவிட்டதாம். இதையெல்லாம் சிரிக்காமல் சொல்வார். 1960 நவம்பரைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார்.

2004-இல் பாரீசிலிருந்து லான் என்ற அம்மாள் அவரைத் தேடி வந்தார். சைகோனில் ஆரோனுக்குப் பக்கத்து நூடுல்ஸ் கடைக்காரரின் மகள். ஆரோனின் மகள் ரூபி என்னையும் காபிக்குக் கூப்பிட்டாள். பேச்சு பிரெஞ்சில்தான். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன், புரிந்தது.

லான் நன்றி சொல்ல வந்திருந்தார். அந்த நவம்பரில் ராணுவத்தில் ஒரு பிரிவு ஜனாதிபதி மாளிகையைச் சூழ்ந்துகொண்டது. ஆள் ஒழிந்தார் என்று தெருவே நம்பியது. லானின் அப்பா கடையிலிருந்த படத்தை இறக்கிவிட்டார். இரண்டாம் நாள் கலகம் அடங்கி ஜனாதிபதி பிழைத்துக்கொண்டார். படத்தை இறக்கியதற்காக அப்பாவைப் போலீஸ் கொண்டுபோனது. அவர் திரும்பவேயில்லை.

"அதுக்கப்புறம் ஞாயிறு தவறாம எங்களுக்கு அரிசி குடுத்தது நீங்கதான்" என்றார் லான். "அப்பாவைக் காட்டிக்குடுத்தவர் தெருக்கோடி தையல்காரர். சாகிறவரைக்கும் அம்மா அவரைச் சபிச்சாங்க."

ரூபி லானின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆரோன் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகம் போன போக்கிலேயே விஷயம் வேறு என்று எனக்குத் தட்டியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நாற்பத்து நாலு வருஷம் அதைத்தானே செய்தார். பேசாமல் இரும் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"தையல்காரர் இல்லம்மா. நான்தான்."

மீதியையும் அவரே சொன்னார். தெருவில் முதலில் படத்தை இறக்கியவரே ஆரோன்தான். அவரைப் பார்த்துத்தான் லானின் அப்பாவும் இறக்கினார். ஜனாதிபதி பிழைத்த சேதி கிடைத்ததும் ஆரோன் சத்தமில்லாமல் படத்தைத் திரும்ப மாட்டிவிட்டார், பக்கத்துக் கடைக்குச் சொல்லவில்லை. முதலில் இறக்கியது யார் என்று போலீஸ் கேட்டது. ஆரோன் கையை நீட்டிக் காட்டினார்.

"அந்த அரிசி?" என்றார் லான்.

"அதுக்காகத்தான் குடுத்தேன்."

ரூபி அப்பாவைப் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விட்டாள். பயந்தாங்கொள்ளி என்ற சொல் இதற்குப் போதாது. ஆனால் வலியப் போய் உண்மையைச் சொன்ன ஆளை அப்படிச் சொல்லவும் நாக்கு எழவில்லை.

லான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அந்தத் தையல்காரர் பாரீஸ்ல எங்க தெருவிலதான் இருக்கார். இத்தனை வருஷத்தில நாங்க யாரும் அவர் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை" என்றார். "தொண்ணூறு வயசாச்சு. நாளைக்கே கிளம்பறேன். நான் போய்ச் சேர்ற வரைக்கும் அவர் உயிரோட இருக்கணும்."