ரோஸ்லின் சிஸ்டர் துடைத்த கண்ணாடி

அந்தோணி அழைத்தபோது வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். "சார், ரோஸ்லின் போயிட்டா. காலையில கஞ்சி குடுக்கலாம்னு எழுப்புனேன், மூச்சு இல்ல" என்றார். சற்று நிறுத்தி, "இங்க மழ. மெதுவாவே வாங்க" என்றார். மனைவியை இழந்த மனிதர் எனக்குச் சாலையைப் பற்றிச் சொல்கிறார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. எங்கள் வேலையில் இப்படிப்பட்ட அழைப்புகள் வந்துகொண்டேதான் இருக்கும். இது வேறு அழைப்பு என்று உடம்புக்கு உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அறியாதவர்களுக்காக: படுக்கையில் விழுந்தவர்களை வீட்டுக்கே சென்று பார்க்கும் பாலியேட்டிவ் குழுவில் ரோஸ்லின் நர்ஸ். இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அங்கேயே வாழ்ந்தவர். நான் அதே குழுவில் பிசியோதெரபிஸ்ட், எருத்தேன்பதி என்ற ஊர்க்காரன், கொங்குப் பேச்சு. டிரைவர் ஓய்வு பெற்ற பிறகு வேறு ஆள் போடவில்லை. ஸ்டியரிங்கும் என்னிடம் வந்து சேர்ந்தது. என் பேச்சைக் கிண்டல் செய்யாமல் ரோஸ்லின் விடமாட்டார். "சார் ஒவ்வொண்ணுக்கும் ஒரு 'ங்க' போட்டு முடிக்கதுக்குள்ள அடுத்த வீடு வந்துருது" என்பார்.

மலையில் மழைக்காலத்தில் எல்லா வண்டியிலும் உள்ளே கண்ணாடி மங்கும். ஏசியைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். எங்கள் வண்டியில் தெளியவில்லை. ஃபேனைக் கடைசி வரை திருப்பினாலும் இரைச்சல்தான் வந்தது, காற்று வரவில்லை. பட்டறையில் காட்டினோம். ஏசியே போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். அலுவலகத்தில் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அதனால் ரோஸ்லின் மடியில் ஒரு துவாலையோடு முன்சீட்டில் உட்கார்ந்து, தன் பக்கம் துடைத்து, எட்டி என் பக்கமும் துடைத்துக்கொண்டே வருவார். துடைத்த இடம் அடுத்த வளைவுக்குள் மறுபடியும் வெளுத்துவிடும்.

அந்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் இருந்த தங்கையாவின் மனைவி போன் செய்தார். தங்கையாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். வலி மாத்திரை தீர்ந்துவிட்டது, மனிதர் சுவரில் முட்டுகிறார் என்றார். கிளம்பினோம். பாதி ஏற்றத்தில் கண்ணாடி பால் ஊற்றியதுபோல் ஆகிவிட்டது. ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் தடுப்பில்லாத பள்ளம். வண்டியை நிறுத்தினேன்.

"இனி முடியாதுங்க சிஸ்டர். ஒண்ணுமே தெரியலைங்க."

"நா முன்னால நடக்கேன். என்னையப் பாத்து ஓட்டுங்க."

"இந்த மழையிலயாங்க?"

"அங்க அவரு வலியில கெடக்காரு சார்."

மருந்துப் பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு, மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார். நான் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி அந்த மஞ்சளைப் பார்த்தே ஓட்டினேன். வளைவு வரும்போது திரும்பி நின்று கையைக் காட்டுவார். வீட்டை அடைந்தபோது இருவரும் தொப்பலாக நனைந்திருந்தோம். மருந்து கொடுத்து, தங்கையாவின் முகம் தளர்கிற வரை ரோஸ்லின் ஈரத்துணியோடு அவர் பக்கத்திலேயே இருந்தார். திரும்பும்போது மழை விட்டிருந்தது. "அசதியா இருக்கு சார்" என்றார். "அசதின்னா அசதின்னு சொல்லிறணும். சொல்லாம அடக்குனா, போற வீட்டுல யாரு மேலயாவது எரிஞ்சு விழுந்துருவோம்." அந்த வாக்கியத்தைப் பிறகு பலமுறை அவரிடமே திருப்பிச் சொல்லியிருக்கிறேன்.

சில நாள் கழித்து ஒரு டீக்கடை வாசலில், வேறு துவாலை எடுக்க டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தார். அது சிக்கிக்கொண்டது. கோபத்தில் ஒரு இழு இழுத்தார். பெட்டியே கழன்று மடியில் விழுந்துவிட்டது. பின்னால் நீளமாக ஒரு பிளாஸ்டிக் மூடி.

"இது என்ன சார்?"

"தெரியலைங்களே."

மூடியைக் கழற்றினால், மடிப்பு மடிப்பாகத் தாள் வைத்த ஒரு சட்டம் இருந்தது. டீ வடிகட்டுகிற துணிபோல நிறம். சருகும் பூச்சிச் சிறகும் அடைத்து, பூசணம் பிடித்து, பிழிந்தால் தண்ணீர் வரும்போல இருந்தது. பழக்கதோஷத்தில் கையுறை மாட்டிக்கொண்டுதான் அதை உருவினார். "இதத்தானா இத்தன நாளா மோந்துக்கிட்டு வந்தோம்" என்றார். அது இல்லாமல் ஃபேனைப் போட்டேன். காற்று முகத்தில் அறைந்தது. கண்ணாடி மேலிருந்து கீழாகத் தெளிந்து வந்ததை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் உதிரிபாகக் கடையில் அந்தச் சட்டத்தைக் காட்டி, அதேபோல் புது ஏசி ஃபில்டர் வாங்கி நாங்களே மாட்டினோம். முதலில் தலைகீழாகப் போட்டுவிட்டு, அம்புக்குறியைப் பார்த்து மறுபடி எடுத்துப் போட்டோம். அன்று மழையில் திரும்பும்போது அவர் கைகள் மடியில் சும்மா கிடந்தன. ஓரிடத்தில், "இங்கன ஒரு பள்ளிக்கூடம் இருக்கதே இப்பத்தான் சார் பாக்கேன்" என்றார். வருடக்கணக்காகப் போய்வந்த பாதை அது.

பிறகு அவருக்கே நோய் வந்தது. வயிற்றில் தொடங்கி ஈரலுக்குப் போனது. எங்கள் வண்டி அவர் வீட்டுக்கும் போகத் தொடங்கியது. கால் வீக்கத்துக்கு நான் கட்டுப் போடுவேன், அவர் கண்ணை மூடிக்கொள்வார். நோயாளியாக இருப்பது அவருக்கு வரவில்லை. "படுத்துக் கெடக்கது பெரிய வேல சார்" என்றார் ஒருநாள்.

கடைசியாகப் போனபோது அந்தோணியைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டு, என்னை அருகில் அழைத்தார். "எல்லாரும் என்னையத்தான் பாக்காக. அவர ஒருத்தரும் கேக்கல. நீங்க கேளுங்க, தூங்குனீங்களான்னு."

அவர் வந்ததும் கேட்டேன். "தூங்குறேன் சார்" என்றார் அந்தோணி. சொம்பைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், பேச்சின் நடுவிலேயே தலை சாய்ந்து உறங்கிவிட்டார். ரோஸ்லின் உதட்டில் விரல் வைத்தார். அன்று பார்க்க வேண்டிய மற்ற வீடுகளுக்குப் போன் செய்து நாளை வருகிறேன் என்றேன். அந்தோணி விழிக்கும் வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ரோஸ்லின் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோஸ்லினிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். போகிற வீட்டில் கட்டிலில் இருப்பவரைப் பார்த்து முடித்ததும், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிறேன். பதில் வரும் வரை காத்திருக்கிறேன்.

அடக்கம் முடிந்து ஆட்கள் இறங்கிப் போன பிறகு அந்தோணியிடமும், தூங்குனீங்களா என்று கேட்டேன். ஈர மண்ணைப் பார்த்தபடி நின்றவர், "இனிமேதான் சார் பழகணும்" என்றார்.