கடைசிப் பத்தியில் இருந்த மழை

தொண்ணூற்றேழில் நான் ராஜபாளையத்தில் ஒரு சிறிய மாலைப் பத்திரிகையில் வேலை பார்த்தேன். இடம் போதாவிட்டால் செய்தியைக் கீழிருந்து வெட்டுவது எங்கள் வழக்கம்.

புரட்டாசியில் ஒரு வானிலை விஞ்ஞானியின் கட்டுரை வந்தது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறியிருந்தது; எல் நினோ என்றார்கள். அந்தச் சூட்டைக் கம்ப்யூட்டருக்குள் கணக்குகளால் கட்டிய ஒரு மாதிரிப் பூமிக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். அங்கே கடல்மேல் காற்று எழும்ப, இந்தியாவின்மேல் காற்று இறங்கி, தென்மேற்கு மழை குறைந்தது. விளம்பரம் ஒன்று வரவே கடைசிப் பத்தியை வெட்டினேன். 'மழை பொய்க்கும்' என்று தலைப்புப் போட்டேன்.

மறுநாள், வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்தில் கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் போடும் ஒரு பெண், பத்திரிகையோடு ஆபீசுக்கு வந்தார்.

"தம்பி, மழை இல்லைன்னா வெதநெல்ல அவிச்சுச் சோத்துக்கு ஆக்கிரலாம்னு இருக்கேன். ஐப்பசி மழையுமா இல்ல?"

"எல்லாந்தான்க்கா."

அவர் போன பிறகு அந்த 'எல்லாம்' உறுத்தியது. மூலத்தாளைத் தேடி எடுத்தேன். வெட்டிய பத்தியில் இருந்தது: அதே கணக்கில், வருடக் கடைசியில் கிழக்குக் காற்று வலுத்து, தெற்கே மழை கூடுகிறது. உலகத்தின் அந்தப் பக்கம் கடலைச் சூடாக்கினால் வத்திராயிருப்புக் கண்மாய்கள்மேல் காற்று மாறுகிறது. அதை எண்களைக் கொண்டே கண்டிருக்கிறார்கள். தாளை வைக்க மனமில்லாமல் நின்றேன்.

விடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், பஸ் மாறி, ஊரில் விசாரித்து அவர் வீட்டை அடைந்தேன். விதைநெல் அண்டாவில் ஊறிக்கொண்டிருந்தது. அவிப்பதற்கும் முளைகட்டுவதற்கும் முதலில் ஊறவைக்கத்தான் வேண்டும். அடுப்பு இன்னும் பற்றவில்லை.

விஷயத்தைச் சொன்னேன்.

"நேத்து இல்லைன்னீய, இன்னைக்கு உண்டுங்கீய. எம்புட்டு வேகமாப் பேச்சு மாத்துது உங்க கம்ப்யூட்டரு!"

"அது ரெண்டையும் சேத்துத்தான் சொல்லுச்சு. வெட்டினது நான்."

"வரும்னு எழுதித் தருவியளா?"

"மாட்டேன்க்கா. கூடலாம்னுதான் போட்டிருக்கு."

ஒரு கை நெல்லை அள்ளிப் பார்த்தார். பிறகு தண்ணீரை வடித்து, முளைவிடச் சாக்கில் கட்டி, மேலே வைக்கோலைப் போட்டு மூடினார். நான் ஊர் திரும்பினேன்.

கார்த்திகையில் போனபோது கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. அவருடைய வயலில் பயிர் தண்ணீருக்கு மேல் நான்கு விரல் தெரிந்தது. வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார்.

"வேடிக்கை பாத்தது போதும். செத்த நேரம் எறங்குங்க தம்பி."

வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். கிழக்கே மேகம் இன்னும் வந்துகொண்டிருந்தது.