சனிக்கிழமைகளில் மட்டும் வந்த வலிப்பு

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் இதை எழுதித் தருகிறேன், ஆண்டவருக்குள் என் சகோதர சகோதரிகளே.

நான் யாரையும் எளிதில் நம்புகிறவன் அல்ல. பொன்மலையில் ரயில் பெட்டிகளின் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, ஓடத் தகுதியா என்று சொல்லும் வேலையில் முப்பது வருடம் இருந்தேன். ‘நல்லாத்தான் இருக்கு’ என்று எவர் சொன்னாலும் இன்னொரு தட்டு தட்டிப் பார்ப்பேன். அந்தப் புத்தி வேலையோடு நின்றிருக்கலாம். வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

என் ஒரே மகள் ஹெப்சிபா. வயது இருபத்தைந்து. ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுக்குப் பதினாறு வயதிலிருந்து வலிப்பு நோய் உண்டு. காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை. அதில் பல வருடம் அடங்கியே இருந்தது. போன வருடம் தை மாதம் நல்ல காய்ச்சல் அடித்தபோது மறுபடியும் ஒரு தடவை வந்தது. அன்றுதான் நான் கைபேசியை எடுத்து வலிப்பைப் பற்றித் தேடினேன். தேடியிருக்கக் கூடாது.

வலிப்பு உள்ளவர்களில் சிலர் காரணம் எதுவும் பிடிபடாமல் திடீரென்று இறந்துபோவதுண்டாம். பெரும்பாலும் தூக்கத்தில். ஏன் என்று ஆராய்ச்சிக்காரர்களுக்கே இன்னும் முழுதாகத் தெரியவில்லையாம். அன்றிலிருந்து அவள் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் அவள் கண்ணைத் திறந்து, “இன்னும் இருக்கேன்ப்பா, போய்ப் படுங்க” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் வெளியே வந்து அழுதேன்.

அந்த வாரமே வீட்டில் ஒரு தீர்மானம் எடுத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் நானும் என் மனைவி செல்வராணியும் ஹெப்சிபாவும் முழு உபவாசம் இருந்து ஜெபிப்பது. வியாழன் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சனிக்கிழமை காலைவரை வாயில் தண்ணீர்கூடப் படக் கூடாது.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை காலையில் வலிப்பு வந்தது. பிறகு இன்னொரு சனிக்கிழமை. பிறகு இன்னொன்று. ஜெபிக்க ஜெபிக்க நோய் கூடுகிறதே என்று எனக்குப் புரியவே இல்லை. எதிலோ குறை இருக்கிறது, யாரோ காரணம் என்று தட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் மாத்திரை போலியோ என்று சந்தேகப்பட்டு, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து பாட்ச் நம்பர்களைக் குறித்துவைத்தேன். மருந்துக்கடைக்காரர் என்னைக் கண்டாலே உள்ளே போக ஆரம்பித்தார். பிறகு என் சந்தேகம் அவளுடைய நடைப்பயிற்சிமேல் விழுந்தது. அவளோடு வேலை செய்யும் ரங்கப்பிரியா என்ற பெண்ணோடு, சனிக்கிழமை காலைகளில் ஸ்ரீரங்கம் உத்தர வீதியைச் சுற்றி வேகமாக நடப்பாள். சனிக்கிழமை நடை, சனிக்கிழமை வலிப்பு. கணக்கு சரியாக இருந்தது.

தென்னூரில் இருக்கும் நரம்பு டாக்டரம்மாவிடம் அவளை அழைத்துப்போய், நடப்பதால் அந்தத் திடீர் மரணம் வந்துவிடுமா என்று கேட்டேன். அவர், “நடக்கட்டும் சார், நல்லதுதான். தனியா நீச்சல் மட்டும் வேண்டாம். அந்தத் திடீர் மரணத்தோட ஆபத்த உடற்பயிற்சி குறைக்குமான்னு இன்னும் ஆராய்ச்சி நடந்துட்டிருக்கு. ஆனா நடந்ததால வந்துடும்னு பயப்படாதீங்க” என்றார். எனக்கு ஆராய்ச்சி என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. என் பெண்ணை வைத்தா ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று உள்ளுக்குள் கொதித்தேன். டாக்டரம்மா அவளைப் பார்த்து, “மாத்திரை விடாம போடுறியாம்மா?” என்று கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள், “அதெல்லாம் ஒரு வேளைகூடத் தப்பாது” என்று நான் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையையும் சந்தேகப்பட்டேன். எதையோ மறைக்கிறாள், அந்த ரங்கப்பிரியா ஏதோ சொல்லிக்கொடுக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, உபவாசத்தின் நடுவே, ஆலயத்தில் முழங்காலில் நின்று இப்படி ஜெபித்தேன். “ஆண்டவரே, என் மகள் உயிருக்கு உலை வைப்பது யார் என்று எனக்குக் காட்டும். காட்டிவிட்டு, அந்த ஆளைச் சும்மா விடாதேயும்.”

மறுநாள் காலை அவள் ஏறிய பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன். அறுபது வயதில் மகளைப் பின்தொடர்ந்து உளவு பார்த்த அப்பன் நான். உத்தர வீதியில் ஒரு டீக்கடையில், பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பேரும் வந்தார்கள். கையை வீசி வேகமாக நடந்தார்கள். ஹெப்சிபா எதற்கோ சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து மாதக்கணக்காகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

கடைக்குப் பக்கத்தில் வந்தபோது அவள் நின்றாள். கை சுவரைத் தேடியது. விழுந்தாள்.

நான் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடினேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அவள் கையில் திணிக்கப் போனேன். ரங்கப்பிரியா என் கையைத் தடுத்தாள். “சாவியெல்லாம் வேண்டாம் அங்கிள். வாய்லயும் ஒண்ணும் வைக்கப்படாது. பயப்படாம பக்கத்துல உக்காருங்கோ.” துப்பட்டாவைத் தலைக்கு அடியில் வைத்தாள். உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். நடுநடுவே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு அது இரண்டு வருடம். இவளையா சந்தேகப்பட்டேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஹெப்சிபாவுக்குத் தெளிந்தது. எழுந்து உட்கார்ந்தாள். ரங்கப்பிரியா கேட்டாள், “நேத்து மாத்திரை போட்டுண்டியா?”

“நேத்து வெள்ளிக்கிழமை.”

“அதுக்கென்ன?”

“வெள்ளிக்கிழமை தண்ணிகூடக் குடிக்க மாட்டோம்.”

நான் கத்திவிட்டேன். “மாத்திரைய எதுக்கு விட்ட? யாரு விடச் சொன்னது?”

“நீங்கதாம்ப்பா” என்றாள். குரலில் கோபமே இல்லை. “முதல் வெள்ளிக்கிழமையே நான் கேட்டேன். மாத்திரைய நம்புறியா, ஆண்டவர நம்புறியான்னீங்க. டாக்டர்கிட்ட சொல்ல வந்தேன், நீங்க முந்திக்கிட்டீங்க. அதுக்கப்புறம் போட்டா, வலிப்பு நிக்காததுக்கு என் விசுவாசம்தான் குறைன்னு நினைப்பீங்களோன்னு பயந்துட்டேன்.”

நான் அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அது என் பேச்சுதான். ஊரில் எல்லோரையும் தட்டிப் பார்த்தேன், என்னை ஒரு தட்டு தட்டவில்லை. அந்த வீதியிலேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். டீக்கடைக்காரர், எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து சோடா கொண்டுவந்தார்.

அன்றே டாக்டரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். “நீங்க பயந்தீங்களே சார், அந்த ஆபத்த கூட்டுறதே அடங்காத வலிப்புதான். நடக்குறத நிறுத்தணும்னு நின்னீங்க, நிறுத்தினது மாத்திரைய” என்றார். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். எங்கள் போதகரும், “உபவாசத்துல மருந்த விடுங்கன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்லையே ஐயா” என்றார். அவர் சொன்னதில்லை. நான்தான் ஆண்டவருக்கு மேலே ஒரு படி போய்ச் சட்டம் போட்டேன்.

இப்போதும் வெள்ளிக்கிழமை ஜெபம் உண்டு. ஹெப்சிபா இட்லி சாப்பிட்டு, என் கையால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்ட பிறகே நான் முழங்கால் போடுவேன். சனிக்கிழமை நானும் அவர்களோடு நடக்கிறேன். மூச்சு வாங்கி நாலடி பின்னால் வருகிறேன். “அங்கிள் இன்னும் உளவு பாக்கறார்” என்று ரங்கப்பிரியா கேலி செய்கிறாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எட்டு மாதமாக வலிப்பு வரவில்லை. குணமாகிவிட்டது என்று டாக்டரம்மா சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். பயம் முழுதாகப் போகவும் இல்லை. ஆனால் மூக்கருகே விரல் வைப்பதை விட்டுவிட்டேன். அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

உங்கள் வீட்டிலும் காரணம் தெரியாத ஆபத்து இருந்தால், எனக்குக் காட்டும் என்று கேளுங்கள். நம்பிக் கேளுங்கள். எனக்கு ஒரே நாளில் பதில் வந்தது. என் மகள் உயிருக்கு உலை வைத்த ஆளை ஆண்டவர் கண் முன்னே காட்டினார். அந்த ஆளைச் சும்மா விடாதேயும் என்றும் கேட்டிருந்தேன். அதற்கு மட்டும் அவர் இன்றுவரை பதில் தரவில்லை. அவருக்கே ஸ்தோத்திரம்.