நான் டைப் அடித்த பெயர்கள்

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் நான் மலாக்காவில் ஒரு சுகாதார ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். புதிதாக வேலைக்கு வந்த என் கூட்டாளி சுந்தரம், தான் குடியிருந்த காஜா பேராங் பகுதியில் வீடு வீடாகப் போய், யாருக்கு மலேரியாக் காய்ச்சல், யாருக்கு இல்லை என்று ஒருவர் விடாமல் விசாரித்து நோட்டில் எழுதினான். அடைத்துக் கிடந்த சாக்கடைகளுக்குப் பக்கத்தில்தான் காய்ச்சல் அதிகம் என்று கண்டுபிடித்தான். அது அவனுடைய முதல் ஆய்வு. எப்படியாவது சாக்கடையைச் சுத்தம் செய்ய வைக்க வேண்டும் என்று துடித்தான்.

அறிக்கையில் எண்ணிக்கையை மட்டும் எழுதியிருந்தான். நான்தான் பெரிய மேதாவி மாதிரி, "வெறும் நம்பரை எவன் நம்புவான்? பேர், வயசு, வீட்டு நம்பர் எல்லாம் சேர்த்துக் கொடுடா" என்றேன்.

"என்னை நம்பிச் சொன்னாங்கடா" என்று தயங்கினான்.

நான் சிரித்துக்கொண்டே அவன் நோட்டை வாங்கி, எல்லாப் பெயரையும் டைப் அடித்துக் கொடுத்தேன். ஜப்பானிய அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு எங்களைப் பாராட்டினான்.

சாக்கடையைச் சுத்தம் செய்ய யாரும் வரவில்லை. லாரிதான் வந்தது. காய்ச்சல் இல்லாத ஆண்களை என் தாளைப் பார்த்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சயாமில் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். சுந்தரம் தன் வீட்டையும் விடாமல் எழுதியிருந்தான். அவனையும் ஏற்றினார்கள். அவன் திரும்பி வரவேயில்லை.

இப்போதும் ஆய்வு செய்கிற பிள்ளைகள் அரசாங்கத்துக்கு அறிக்கை எழுத என்னிடம் வருகிறார்கள். உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன். பெயர்ப் பட்டியலை மட்டும் சேர்க்க விடமாட்டேன்.

"இப்ப நம்ம கவர்மெண்டுதானே ஐயா, என்ன பயம்?" என்று சிரிக்கிறார்கள்.

நானும் அன்றைக்கு அப்படித்தான் சிரித்தேன்.